எலுமிச்சை வெளியே வரவில்லை

கத்திரி வெயில் தொடங்கும் நாளன்று காலை பத்து மணிக்குத் தோட்டத்துச் செடிகள் வீட்டுக்குள் வந்துவிடும். வீட்டிலிருப்பவர்கள் பின்பக்கம் போய் அவற்றின் குழிகளில் நிற்பார்கள். இருபத்தைந்து நாள். காலியாக விட்ட குழி அரை மணி நேரத்தில் மூடிக்கொள்ளும், மூடிய குழி பிறகு யாருக்கும் திறக்காது என்பதால் வேலூரில் எல்லா வீட்டிலும் இப்படித்தான்.

போன வருடம் சுகந்தியின் தம்பி நவநீதன், கறிவேப்பிலையின் குழியில் நின்றவன், கிரிக்கெட் ஸ்கோர் கேட்கத் தெருமுனை வரை போய்விட்டான். திரும்பி வருவதற்குள் குழி மூடியிருந்தது. அன்றிலிருந்து கறிவேப்பிலை சமையலறையில் சிலிண்டருக்குப் பக்கத்தில்தான் குடியிருக்கிறது. ரசம் தாளிக்கும் நேரத்தில் மட்டும் எழுந்து சற்றுத் தள்ளி நின்றுகொள்ளும்.

இந்த வருடம் முருங்கையின் குழியில் அப்பா. அவருடைய அலுவலகத்தில் இதற்கென்று குழி விடுப்பு உண்டு. வாழையின் குழியில் நவநீதன். எலுமிச்சையின் குழியில் சுகந்தி. அம்மாவுக்குக் குழி கிடையாது. உள்ளேயும் வெளியேயும் சாப்பாடு தண்ணீர் பார்க்க ஓர் ஆள் வேண்டும். முருங்கை நடையில் நீட்டிப் படுத்துக்கொண்டது. வாழை கூடத்தில் டிவிக்கு எதிரே உட்கார்ந்தது. எலுமிச்சை நேராகச் சுகந்தியின் அறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டது. வீட்டிலேயே நல்ல மின்விசிறி அந்த அறையில்தான் இருந்தது.

சுகந்திக்கு நிற்பதில் வருத்தமில்லை. பொருளியல் எம்.ஏ. முடித்திருந்தாள், வாய்தான் திறக்காது. குழியில் நிற்பவளிடம் யாரும் எதுவும் கேட்பதில்லை. அவள் பாட்டுக்குப் பார்த்துக்கொண்டிருந்தாள். தனியாக இருப்பதாக நினைத்தால் அப்பா மெல்ல முணுமுணுத்துப் பாடுகிறார். சீரியலில் மாமியார் வந்தவுடன் வாழை இலையை ஒருமுறை மடக்கி விரிக்கிறது. சுகந்தியின் இடுப்பில், பிளாஸ்டிக் உறைக்குள், ஒரு கடிதம் இருந்தது. ஆரணிக்கு அப்பால் ஒரு பெண்கள் கல்லூரியில் விரிவுரையாளர் வேலை. ஜூன் இரண்டாம் தேதி திங்கட்கிழமை காலை பத்து மணிக்குச் சேர வேண்டும், தவறினால் பட்டியலில் அடுத்தவருக்குப் போய்விடும். நேர்காணலில் அவள் மொத்தம் மூன்று வாக்கியங்கள் பேசியிருந்தாள். அதில் ஒன்று நன்றி. அதற்கே கிடைத்த வேலை. இன்னொன்று கிடைக்கும் என்று அவள் நம்பவில்லை.

குழியில் நிற்கும் மனிதர்களுக்கு மோர்தான் கொடுக்க வேண்டும், காலில் எதையும் ஊற்றக் கூடாது. அம்மா வாளியைத் தூக்கிக்கொண்டு வரும்போதே அப்பாவும் நவநீதனும் “மோர், மோர்” என்று குரல் கொடுத்துவிடுவார்கள். சுகந்தி குரல் கொடுக்கும் ரகமில்லை. அம்மா பழக்கதோஷத்தில் அவள் காலில் கடலைப் புண்ணாக்குத் தண்ணீரை ஊற்றிவிட்டு, இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விடுவாள். மூன்றாவது வாரத்தில் சுகந்தியின் முழங்கையில் ஒரு காயும் காதுக்குப் பின்னால் இரண்டும் விட்டிருந்தன.

இருபத்தெட்டாம் தேதி கத்திரி முடிந்தது. முருங்கை சோம்பல் முறித்தபடி வந்து தன் குழியில் இறங்கியது. வாழை, சீரியலில் இடைவேளை விட்டதும் வந்தது. எலுமிச்சை வரவில்லை.

அம்மா கதவைத் தட்டினாள். “வெளிய வா கண்ணு. பொண்ணு வேலைக்குப் போவணும்.”

உள்ளே மின்விசிறியின் வேகம் ஒரு எண் கூடியது.

மறுநாளும் வரவில்லை, அதற்கு மறுநாளும் இல்லை. தன் குழி விடுப்பு முடிந்துவிட்டது, நவநீதனை மாற்றி நிறுத்தலாம் என்றார் அப்பா. அம்மா சமையலறைப் பக்கம், கறிவேப்பிலையைத் திரும்பிப் பார்த்தாள்.

சனிக்கிழமை காலையில் பக்கத்து வீட்டு ஏகாம்பரம் அங்கிள் பல் துலக்கிக்கொண்டே சுவருக்கு மேலே எட்டிப் பார்த்தார். “எங்க மாமரம் இருபத்தெட்டு காலையிலயே வந்துட்ச்சு. உங்களுது இன்னும் ஏசிலயா?”

“ஃபேன்தான் அங்கிள்,” என்றான் நவநீதன்.

“செல்லம் குடுத்து வெச்சிருக்கீங்க. கரண்ட்ட நிறுத்துங்க, தானா வரும்.”

நிறுத்திப் பார்த்தார்கள். எலுமிச்சை ஜன்னலைத் திறந்துகொண்டது, அவ்வளவுதான்.

திறந்த ஜன்னலைச் சுகந்தி வெகுநேரம் பார்த்தாள். கடையிலிருந்து அம்மா எலுமிச்சம்பழம் வாங்கி வரும்போதெல்லாம் இந்த மரம் இரண்டு நாள் இலை உதிர்க்கும். வீட்டில் வேறு யாரும் அதைக் கவனித்ததில்லை.

ஞாயிறு மதியம் அம்மா வந்தபோது சுகந்தி தன் காய்களைத் தொட்டுக் காட்டினாள். மூன்றும் பழுத்திருந்தன.

“இதப் பறிச்சு ஜூஸ் போடும்மா. எல்லாரும் என் ரூம் ஜன்னல்கிட்ட நின்னு குடிங்க.”

“ஏண்டி?”

“சும்மாதான். நல்லா இருந்தா நல்லா இருக்குன்னு சொல்லுங்க. கொஞ்சம் சத்தமா.”

மகள் இத்தனை வார்த்தை பேசியதில் அம்மா மறுபேச்சில்லாமல் பறித்துக்கொண்டு போனாள்.

எல்லோரும் ஜன்னலோரம் கூடினார்கள். அப்பா ஒரு மிடறு குடித்தார். கல்யாணமாகி இருபத்தேழு வருடத்தில் எதையும் நன்றாக இருக்கிறது என்று சொன்ன மனிதரில்லை அவர். இன்னொரு மிடறு குடித்துவிட்டு, “பழைய மரத்துப் பழத்துல அடியில ஒரு கசப்பு இருக்கும். இதுல இல்ல,” என்றார்.

“எனக்கு ஒரு டம்ளர்,” என்று சுவருக்கு மேலே கை நீண்டது. குடித்துவிட்டு அங்கிள் உதட்டைத் துடைத்தார். “இனிமே எலுமிச்ச எதுக்குங்க? பொண்ணே போதும்.”

அம்மா டம்ளரை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தாள். அவள் முகம் மாறியது. “ஊறுகாயே போடலாம்டி. நாளைக்கு இன்னும் ரெண்டு வாளி ஊத்தறேன். ஆரணிக்கெல்லாம் எதுக்கு, இங்கயே இரேன்.”

அம்மா அதை ஜன்னலுக்காகச் சொல்லவில்லை. சுகந்தி இடுப்பிலிருந்த உறையை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அம்மா அப்போதே வாளியை எடுக்கப் போனாள்.

அறைக்குள் தாழ் விலகும் சத்தம் கேட்டது.

எலுமிச்சை யார் முகத்தையும் பார்க்காமல் நடந்து வந்தது. முள்ளில் சுகந்தியின் சீப்பு மாட்டியிருந்தது. குழிக்கருகே வந்து, நகரு என்பதுபோல் ஒரு கிளையை அசைத்தது. அம்மா வாளியை வைத்துவிட்டுப் பெருமூச்சு விட்டாள். பிறகு அரிவாள்மனையைக் கொண்டுவந்து, நகம் வெட்டுவதுபோல, மகளின் பாதத்தில் இறங்கியிருந்த வேர்களை ஒவ்வொன்றாக நறுக்கினாள்.

மறுநாள் ஒன்பதே முக்காலுக்குச் சுகந்தி கல்லூரி வாசலில் இருந்தாள். பெயர்ப்பலகை இருந்தது, சுற்றுச்சுவர் இருந்தது. நடுவில் அஸ்திவாரக் கோடுகளின் மேல் வரிசையாக மனிதர்கள் நின்றார்கள். முதல்வர் அம்மாள் வாசற்படி இருந்த இடத்தில் நின்றபடியே கடிதத்தை வாங்கிப் படித்தார்.

“காலேஜ் ஏலகிரிக்குப் போயிருக்கும்மா. புதன்கிழமைக்குள்ள வந்துடும். அதுவரைக்கும் உன் இடத்தப் பார்த்துக்கோ. எக்கனாமிக்ஸ் ரெண்டாவது மாடி.”

சுகந்தி அண்ணாந்து பார்த்தாள். இரண்டாவது மாடியின் உயரத்தில் ஐந்தாறு ஆசிரியைகள் புடவையைச் செருகிக்கொண்டு நின்றிருந்தார்கள். நடுவில் ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாக இருந்தது. அது ஓரங்களில் மெல்ல மூடத் தொடங்கியிருந்தது. அவள் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, படிக்கட்டாக நின்ற அலுவலக உதவியாளர்களிடம் ஒவ்வொருவராகச் சொல்லிக்கொண்டு மேலே ஏறிப்போய் நின்றாள்.

பத்தடித்ததும் ஆயா ஒருத்தி வாளியோடு ஏறி வந்தாள். சுகந்தி தொண்டையைச் செருமிக்கொண்டு, கீழே வாசல்வரை கேட்கும்படி, “மோர்” என்றாள்.