ஜோசப்ராஜ் மாமாவின் கருப்புக் கட்டைகள்

"தலமாட்டாண்ட வேணாம்டா, காலாண்ட போடு" என்று ஆரோக்கியம்மாள் அத்தை சொன்னதும், ஜோஸ் கீபோர்டு ஸ்டாண்டைத் தூக்கிக்கொண்டு ஐஸ் பெட்டியைச் சுற்றி வந்தான். பெட்டிக்குள் ஜோசப்ராஜ் மாமா கோட்டு போட்டுப் படுத்திருந்தார். ஆவடி வட்டாரத்திலேயே முதல்தரமான கீபோர்டு மாஸ்டர் என்று அவரைச் சொன்னவர் ஒரே ஒருவர்தான். அவரும் நேற்று காலமாகிவிட்டார்.

ஜோஸ் தன் தாய்மாமனிடம் ஞாயிறுதோறும் பத்தொன்பது வருஷம் கற்றான். அத்தனை காலத்தில் ஒருத்தன் டாக்டராகி, கிளினிக் வைத்து, அதை மூடியும் இருக்கலாம். இவனுக்கு வெள்ளைக் கட்டைகள் மட்டும் வந்தன. "கருப்பு கட்ட அழகுக்கு வெச்சதுடா" என்பார் மாமா. யார் எந்தச் சுதியில் பாடினாலும் அவர் வெள்ளையிலேயே வாசிப்பார். சுதியை ஏற்ற ஒரு பொத்தான் இருந்தது. அதை நாலு தடவை அமுக்கினால் கோயில் பாடகர் குழுவுக்குச் சரியாக இருக்கும். அதோடு சங்கீதம் முடிந்தது.

மூன்று மாதத்துக்கு முன், முப்பத்தெட்டாவது வயதில், ஜோஸ் யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிப் பாடிக்குப் போய், சுரேகா டீச்சரிடம் கீபோர்டு வகுப்பில் சேர்ந்தான். டீச்சருக்கு இருபத்தாறு. அவனை எட்டு வயதுப் பிள்ளைகளோடு உட்காரவைத்தாள். அதில் இரண்டு பேர் அவனைவிட நன்றாக வாசித்தார்கள். மாமாவிடமிருந்து விலகுவதை இந்த ஞாயிறு பூசை முடிந்ததும் சொல்லிவிடுவதென்று தீர்மானித்து, கண்ணாடி முன் நின்று ஒத்திகையும் பார்த்திருந்தான். மாமா வெள்ளிக்கிழமையே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். எந்தப் பாட்டையும் தாளத்துக்கு முன்னால் ஓடி முடிப்பதுதானே அவர் பழக்கம்.

"யாருப்பா வாசிக்கிறது?" என்று பாடகர் குழுவின் சரசா கேட்டாள்.

"மச்சான் கீறான்ல" என்று ஜோஸைக் காட்டினான் தமிழரசு. குழுவில் ரிதம் பேடு அடிப்பவன். கீபோர்டுக்கு ஒயர் சொருகிக் கொடுத்ததும் அவன்தான்.

ஜோஸ் உட்கார்ந்தான். கருப்புக் கட்டைக்கும் சத்தம் உண்டு என்பதைக் கடைசியாக ஒருமுறை மாமா கேட்டுவிட்டுப் போகட்டும். டீச்சர் சொல்லிக்கொடுத்த மாதிரி, கருப்புகளைத் தொட்டுத் தொட்டு, முறையான சுதியில் பாட்டை எடுத்தான். முதல் வரியிலேயே பெண்களுக்குக் கழுத்து நரம்பு புடைத்தது. இரண்டாம் வரியில் ஒருத்தி இருமிக்கொண்டே பந்தலுக்கு வெளியே போனாள். மூன்றாம் வரிக்குத் தெருநாய் ஒன்று சேர்ந்து பாடியது.

"இன்னாடா, எங்களையும் அவரோட அனுப்பப் பாக்குறியா?" என்றாள் சரசா.

ஜோஸ் பொத்தானைப் பார்த்தான். முறையான சுதிக்கு மேல் இன்னும் நாலு ஏறியிருந்தது. "எவன்டா நாலு ஏத்துனது?"

"நான்தான் மச்சான். மாமாக்கு எப்பவும் போட்டுக் குடுக்குறதுதான?"

பொத்தானைப் பூஜ்யத்துக்கு இறக்கியிருக்கலாம். அதை யோசிப்பதற்குள் விரல்கள் வெள்ளைக் கட்டைகளுக்கு ஓடிவிட்டன. பெண்கள் நிம்மதியாகப் பாடினார்கள். நிம்மதியாக அழவும் செய்தார்கள். மூன்று மாதப் படிப்பு மூன்று வரிகூடத் தாங்கவில்லை. பெட்டிக்குள் இருந்தவர் மீது வைத்திருந்த இளக்காரத்தில் பாதியை ஜோஸ் தனக்கு எடுத்துக்கொண்டான்.

கல்லறையிலிருந்து திரும்பும்போது சாயங்காலமாகிவிட்டது. அத்தை கேட் ஓரமாகப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"அடுத்த சனிக்கெழம பசங்க கிளாஸுக்கு வந்துருங்க. நீ வந்து சொல்லிக்குடுத்துடு நைனா."

ஒத்திகை பார்த்த வாக்கியம் ஒன்றுகூட வரவில்லை. "அத்தே, நான் பாடில வேற கிளாஸ்ல சேந்துட்டேன். மூணு மாசமாச்சு. மாமாவுக்குத் தெரியாது."

அத்தை அவனை நிமிர்ந்து பார்த்தாள்.

"தெரிஞ்சிருந்தா செத்தே பூட்டிருப்பாரு."

சொன்ன பிறகுதான் இருவருக்கும் உறைத்தது. அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள்கள் குலுங்கின. அது சிரிப்பா அழுகையா என்று பார்க்க ஜோஸுக்குத் தைரியமில்லை. தன் செருப்பையே பார்த்துக்கொண்டு நின்றான்.

முந்தானையை இறக்கிவிட்டு, "அங்க எப்போ கிளாஸு?" என்றாள் அத்தை.

"சனிக்கெழம மூணு மணிக்கு."

அத்தை எழுந்தாள். கேட்டில் தொங்கிய சிலேட்டில் 'கீபோர்டு வகுப்பு, ஜோசப்ராஜ் மாஸ்டர், சனி 3 மணி' என்றிருந்தது. மூன்றை மட்டும் விரலால் அழித்துவிட்டு, சாக்பீஸை அவனிடம் நீட்டினாள்.

ஜோஸ் ஐந்து என்று போட்டான். பிறகு பாடி மேம்பாலத்து நெரிசலை நினைத்து, பக்கத்தில் ஒரு அரையும் சேர்த்தான்.