ஃப்ரிட்ஜ்கள் போன வழி

சூறாவளி போய் ஒன்பதாம் நாள் கல்லறைத் தோட்டத்தில் தண்ணீர் வடிந்தது. இருபத்திரண்டு கல்லறைகள் இருந்த வரிசையில் இருபத்தொன்று அப்படியே இருந்தன. எலோடியின் இடத்தில் செவ்வகமாக ஒரு குழி. குழியில் கலங்கல் நீர், அதில் ஒரு நண்டு.

எவரிஸ்ட் விளிம்பில் குந்திப் பார்த்துக்கொண்டிருந்தான். மனைவி இறந்து பதினான்கு மாதம். அழுகை அன்றும் வரவில்லை, இப்போதும் வரவில்லை. ஒரு கேள்விதான் வந்தது. ஏன் இது மட்டும்?

லூசியானாவின் இந்தத் தென்கோடியில் இரண்டடி தோண்டினால் தண்ணீர். அதனால் கான்கிரீட் பெட்டகத்தைப் பாதி மண்ணில் இறக்கி, உள்ளே சவப்பெட்டியை வைத்து, கனத்த மூடியைப் போட்டுவிடுவார்கள். எல்லாம் ஒரே பட்டறையில் வார்த்தவை. ஒரே எடை.

மாமியார் ஓதில் முழங்கால் வரை சேற்றோடு பின்னால் வந்து நின்றாள்.

"அடிச்சிட்டுப் போன பெட்டிங்கள ஆபீஸ்காரங்க சனிக்கிழமை வரைக்கும்தான் அடையாளம் பாப்பாங்களாம். அப்புறம் கெடைச்சதுக்கெல்லாம் நம்பர் போட்டு எங்கயோ பொதைச்சிருவாங்களாம். எம் பொண்ண என்னால நம்பர் சொல்லிக் கூப்பிட முடியாது. இப்பவே சொல்லிட்டேன்."

"தேடிடலாம் அத்தை."

"எங்கய்யா தேடுவே? கடலா கெடக்கு."

எலோடியின் அண்ணன் யூலிஸிடம் பின்னால் ஆளுயர விசிறி வைத்த தட்டைப் படகு இருந்தது. சதுப்பில் அதுதான் போகும். மறுநாள் விடிந்ததும் கிளம்பினார்கள்.

"எந்தப் பக்கம் மாப்ளே?"

"ஃப்ரிட்ஜெல்லாம் எங்க போச்சோ அங்க."

"ஏன், பசிக்குதா?"

எவரிஸ்ட் வடக்கே மரங்களைக் காட்டினான். கிளைகளில் வெள்ளைத் தெர்மோகோல் ஐஸ் பெட்டிகள் கொக்குகள் மாதிரி உட்கார்ந்திருந்தன.

"அது மேலாப்புல மிதக்கும். காத்து தள்ளிக்கிட்டுப் போயிரும். ஃப்ரிட்ஜ் முக்காவாசி முங்கித்தான் போகும். அதுக்குக் காத்து கணக்கில்ல, தண்ணி இழுக்கற பக்கம் போகும். பெட்டகமும் அப்படித்தான் போயிருக்கணும்."

"கான்கிரீட் மிதக்குமாடா?"

"போயிருக்கே."

"இதெல்லாம் படகு கட்டற பட்டறையில சொல்லித் தராங்களா?"

"இல்ல."

முதல் ஃப்ரிட்ஜ் கோரைக்குள் மல்லாந்து கிடந்தது. கதவில் யாரோ ஒரு குழந்தையின் படம் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டாவது தென்மேற்கே கால் மைல். அதற்குள் அழுகிய இறாலின் நாற்றம் கதவைத் தாண்டி வந்தது. "எங்கம்மா சமையலே பரவாயில்ல" என்று யூலிஸ் மூக்கைப் பொத்தினான். மூன்றாவதும் அதே திசை. எவரிஸ்ட் ஒவ்வொன்றையும் காகிதத்தில் புள்ளி வைத்துக் கோடு இழுத்தான். பல மாதங்களுக்குப் பிறகு, அடுத்தது எங்கே இருக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் போலிருந்தது.

வழியில் பழுப்பு விரிப்பு ஒன்று நெளிந்து மிதந்து வந்தது. நெருப்பெறும்புகள், ஒன்றையொன்று கவ்விக்கொண்டு. கழியால் தள்ளினால் கழி வழியே ஏறிவிடும். யூலிஸ் படகை வளைத்து ஓட்டினான். சற்றுத் தள்ளி எரிவாயு வாடை அடித்தது. கோரைக்குள் ஒரு சிலிண்டர் சீறிக்கொண்டிருந்தது. யூலிஸ் சட்டென்று விசிறியை நிறுத்தினான். வாயிலிருந்த பற்ற வைக்காத சிகரெட்டைக்கூட எடுத்துப் பைக்குள் போட்டான். கழியை ஊன்றி ஊன்றி அந்த இடத்தைக் கடந்தார்கள்.

ஆறாவது ஃப்ரிட்ஜுக்கு அப்பால் கரைமேட்டின் சரிவில் பெட்டகம் சாய்ந்து கிடந்தது. மூடியோடு. மூடியில் எலோடியின் பெயர்.

யூலிஸ் தொப்பியைக் கழற்றினான். எவரிஸ்ட் அதைச் சுற்றி நடந்தான். மூடி உட்காரும் இடுக்கில் விரலை ஓட்டினான். வழவழவென்று வெள்ளைப் பசை, எங்கேயும் விடாமல்.

போன நவம்பரில், அனைத்துப் புனிதர் நாளன்று, மற்றவர்கள் கல்லறைகளுக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தபோது இந்த இடுக்கை அவன் பார்த்தான். மழை உள்ளே இறங்குமே என்று தோன்றியது. தன் படகுப் பட்டறையிலிருந்து மூன்று குழாய் பசை கொண்டுவந்து, படகின் மூட்டை அடைப்பதுபோல அடைத்தான்.

மற்ற இருபத்தொன்றிலும் வெள்ளம் இடுக்கு வழியே புகுந்து நிரம்பியிருக்கிறது. கனத்துப்போய் கிடந்த இடத்திலேயே கிடந்திருக்கின்றன. இதற்குள் காற்று மட்டும்.

"நான்தான் இவள அனுப்பி வெச்சிருக்கேன்" என்றான்.

யூலிஸ் குனிந்து பசையைச் சுரண்டிப் பார்த்தான். வரவில்லை. "அடப்பாவி. எனக்குக் கட்டிக் குடுத்த படகு மூணே மாசத்துல ஒழுகுச்சு."

எவரிஸ்டுக்குச் சிரிப்பு வந்தது. எங்கிருந்து வந்தது என்று தெரியவில்லை. அது நிற்கச் சிறிது நேரமானது.

வெள்ளிக்கிழமை மிதவைக் கிரேன் ஒன்று பெட்டகத்தைக் கொண்டுவந்து குழி ஓரம் வைத்தது. ஆபீஸ்காரப் பெண் பெயரைச் சரிபார்த்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு போனாள்.

"உள்ள தண்ணி போயிருக்கா?" என்றாள் ஓதில்.

"ஒரு சொட்டு போகல."

அவள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். பத்து நாளில் முதல் தடவையாக முகம் தெளிந்தது. அதோடு விட்டுவிடலாம் என்று அவனுக்குத் தோன்றியது. பட்டறையிலிருந்து கொண்டுவந்த துளைக் கருவி கையில் கனத்தது.

"துளை போடணும் அத்தை. அடியோரமா நாலு."

"எதுக்கு?"

"அடுத்த தடவ தண்ணி வந்தா உள்ள வரணும். நான் அடைச்சு வெச்சதாலதான் போயிட்டா. துளை போடலேன்னா மறுபடி போயிருவா."

ஓதில் அவனைப் பார்த்தாள். பிறகு மூடியைப் பார்த்தாள்.

"தலைமுடியெல்லாம் நனையுமேய்யா."

"நனையும்."

கிரேன்காரர்கள் கயிற்றைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். ஓதில் பெட்டகத்தின் மேல் காய்ந்திருந்த சேற்றை உள்ளங்கையால் துடைத்தாள். ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை.

"கால் பக்கமா போடு" என்றாள்.

எவரிஸ்ட் அந்தப் பக்கம் போய் மண்டியிட்டான்.