மச்சான் பிடிக்கிற கயிறு

எங்கள் மலையில் தேனெடுக்கப் பாறையில் இறங்குகிறவனுக்குக் கயிறு பிடிக்க அவன் மச்சான்தான் வர வேண்டும். கூடப் பிறந்தவன் பக்கத்திலேயே வரக்கூடாது. அண்ணன் செத்தால் நிலமும் அண்ணியும் தனக்கு என்று தம்பிக்கு ஆசை வரலாம். பெண்டாட்டியின் அண்ணனுக்கு அந்த ஆசை வராது, தங்கை தாலியறுப்பதை அவன் பார்க்க மாட்டான். இப்படி யோசித்து வைத்த எங்கள் பெரியவர்கள் மனுசனைப் பற்றி ரொம்ப உயர்வாகத்தான் நினைத்திருக்கிறார்கள்!

அச்சுகே கௌடனுக்கு நான் மச்சான். என் தங்கை மசணியை அவன் கட்டிய நாளிலிருந்து அவனுக்குக் கயிறு பிடிப்பது நான்தான். அவன் மூஞ்சியில் விழிக்கவே எனக்குப் பிடிக்காது. அவனுக்கும் என்னைப் பிடிக்காது. ஆனாலும் தேன் காலம் வந்துவிட்டால் என் வீட்டு முன்னால் வந்து நின்று, "மச்சான், வர்றியா?" என்பான். நானும் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவேன்.

அன்று காலையும் அப்படித்தான் கிளம்பினோம். வழியெல்லாம் வசவு.

"உன் தங்கச்சி கொள்ளேகால் சந்தைக்குப் போனா கடைசி பஸ்ஸுலதான் திரும்புவா போல. நடுவுல எவன்கூட உக்காந்து டீ குடிச்சாளோ!"

"பஸ்ஸு ரிப்பேராகி நடுவழியில நின்னுச்சு. நானும் அதே பஸ்ஸுலதான் வந்தேன்."

"வந்திருப்ப, வந்திருப்ப. பொய் சொல்லணும்னா குடும்பமே சேந்து சொல்லுவீங்க."

"வாயை மூடிட்டு நட. கயிறு என் கையில இருக்கு, ஞாபகம் வெச்சுக்க."

"இருந்தா என்ன? நீ என்ன என் மூஞ்சிக்காகவா பிடிக்கிற? அவ கழுத்துல கெடக்கிறதுக்காகப் பிடிக்கிற" என்று பல்லைக் காட்டினான்.

பாறைத் தலையில் நிற்கும் மருத மரத்தில் கொடியேணியைக் கட்டினோம். அவன் இடுப்பில் கட்டிய கயிற்றை மரத்தில் ஒரு சுற்றுச் சுற்றி, நுனியை நான் பிடித்துக்கொண்டேன். பாறை அங்கே உள்வாங்கியிருக்கும். ஏணி ஊஞ்சல் மாதிரி ஆடும். இடுப்புக் கயிற்றை மேலிருந்து ஒருவன் இழுத்துப் பிடிக்காமல் யாரும் ஏறி வர முடியாது. அவன் விளிம்பைத் தாண்டி மறைந்தான். கீழே திட்டில் கால் வைத்து, பச்சை இலையைக் கொளுத்திப் புகை போட ஆரம்பித்தான். தேனீக்கள் இரைந்தன.

அப்போதுதான் மசணி காட்டுவழியில் ஓடி வந்தாள். கழுத்து வெறுமையாக இருந்தது.

"அண்ணா! இறங்கிட்டானா?"

"இறங்கிட்டான். என்னடி கோலம் இது?"

"போச்சு! இறங்குறதுக்கு முன்னாடி மூஞ்சிக்கு நேரா சொல்லணும்னு ஓடிவந்தேன்." அவள் வலது கையை விரித்துக் காட்டினாள். உள்ளங்கை முழுக்கக் கொப்புளம். "பஸ்ஸுதான் நின்னுச்சுன்னு நம்ம சாமி மாதப்பா மேல சத்தியம் பண்ணேன், நம்பலை. கையில கற்பூரத்தைக் கொளுத்திட்டுச் சொல்லுன்னான். அதையும் செஞ்சேன். அதுக்கு, 'மாதப்பாவும் உங்க அண்ணன் கூட்டமா'ன்னு கேக்கறான். காலையில அவன் கிளம்பினதும் தாலியைக் கழட்டி அடுப்புக் கல்லு மேல வெச்சுட்டேன். இனிமே நீ அவனுக்கு மச்சானும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை!"

எங்களில் தாலி அடுப்புக் கல்லுக்குப் போனால் கல்யாணம் முடிந்தது. பேச்சுவார்த்தை கிடையாது. அவள் அதை மெதுவாகவும் சொல்லவில்லை. கீழே புகையில் அவன் இருமிக்கொண்டிருந்த சத்தம் நின்றது.

"மசணி என்ன சொல்றா?"

"உன் காதுல விழுந்ததுதான்" என்றேன்.

அவன் குரல் வேறு மாதிரி வந்தது. "கயிறு... கயித்தை என்ன பண்ற?"

"பிடிச்சுக்கிட்டுத்தான் இருக்கேன். ஏறி வா."

"வரமாட்டேன்."

"புகை அடங்குது, ஈ திரும்பப் போகுது. ஏறுடா!"

"நீ யாருடா எனக்கு? நீ எதுக்கு என்னைக் காப்பாத்தணும்?"

எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. இத்தனை காலம் கை தோல் உரிய இழுத்திருக்கிறேன். இந்த நாய் ஒரு நாளும் என் கையை நம்பி இறங்கவில்லை! கயிற்றை விட்டுவிடலாமா என்று தோன்றியது உண்மை.

முதல் கொட்டு விழுந்திருக்க வேண்டும். அலறினான். "அவளைத் தாலியைக் கட்டச் சொல்லு! கட்டிட்டேன்னு அவ வாயால சொல்லட்டும், ஏறி வர்றேன்!"

"கட்டாத. எப்படிக் கெஞ்சினாலும் கட்டாத" என்றேன் தங்கையிடம்.

"எதைக் கட்டறது? அதுதான் வீட்ல கெடக்கே" என்றாள். கீழே மறுபடி அலறல். அவள் பாறை விளிம்பில் மண்டியிட்டாள். அவளை அவன் பார்க்க முடியாது.

"கட்டிட்டேன்!" என்று கத்தினாள்.

"நிஜமாவா?"

"மாதப்பா மேல சத்தியம்!"

அடுத்த நொடி ஏணி விறைத்தது. கற்பூரம் கேட்கவில்லை, சாட்சி கேட்கவில்லை, ஏறினான். நான் இழுத்தேன். எனக்கு மச்சானாக இல்லாதவனை, பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தேன்.

வீங்கிப்போன முகம் விளிம்புக்கு மேலே வந்தது. ஒரு கண்தான் திறந்திருந்தது. அந்தக் கண் அவள் கழுத்தைப் பார்த்தது. கால் இன்னும் ஏணியில்தான் இருந்தது. அப்படியே நின்றுவிட்டான். பிறகு என் கையைப் பார்த்தான். அப்படி ஒரு பயத்தை நான் எந்த மனுசன் முகத்திலும் பார்த்ததில்லை.

ஒரே இழுப்பில் பாறைமேல் கொண்டுவந்து போட்டேன்.

தடித்த உதட்டைக் கஷ்டப்பட்டு அசைத்தான். "பொய்யா சொன்ன?"

"ஆமா" என்றாள் மசணி. "உன்கிட்ட நான் சொன்ன முதல் பொய். இதைத்தான் நீ நம்பின."

அவள் திரும்பிப் பார்க்காமல் நடந்தாள். நான் அவன் இடுப்பிலிருந்து கயிற்றை அவிழ்த்துச் சுருட்டினேன். அது என் கயிறு.