யாருடைய நாலு மணி

போன வருஷம் கயிறிழுக்கும் போட்டியில், எல்லைக்கு அந்தப் பக்கத்துச் சலூன்காரன் கயிற்றைப் பட்டென்று விட்டுவிட்டான். நாங்கள் எட்டுப் பேரும் மல்லாக்க விழுந்தோம். கோப்பை என்னவோ எங்களுக்குத்தான். சேற்றில் கிடந்து வாங்கிய கோப்பை. இரண்டு ஊரும் சேர்ந்து சிரித்தது. என் பெண்டாட்டி கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "கை வழுக்கிடுச்சு மச்சான்" என்றான் சலூன்காரன். பன்னிரண்டு வருஷச் சிநேகம்தான், இருந்தாலும் எனக்கு வயிறு எரிந்தது. ஒரு வருஷமாக எரிந்தது.

வருஷத்தில் ஒரு நாள் நாட்டு எல்லைக் கதவைத் திறந்து விடுவார்கள். இரண்டு ஊரும் ஒரே மைதானத்தில் கொண்டாடும், ஒரு வருஷம் அங்கே, மறு வருஷம் இங்கே. அவர்கள் கடிகாரம் எங்களுடையதைவிட அரை மணி பின்னால் ஓடும். இரண்டு ஊருக்கும் அழைப்பிதழ் என் அச்சகத்தில்தான். 'எங்கள் மணி நாலு, உங்கள் மணி மூன்றரை' என்று இரண்டையும் போடுவேன். இந்த முறை எங்கள் ஊரில். வெறும் 'நாலு மணி' என்று அடித்தேன். அவர்கள் தங்கள் நாலுக்கு ஆடி அசைந்து வருவார்கள். இங்கே நாலரை ஆகியிருக்கும். கால் மணி தாமதித்தால் கோப்பை எதிரணிக்கு என்பது விதி. அசடு வழிய நிற்கட்டும். என் அணிக்குக்கூட விஷயத்தைச் சொல்லவில்லை, அவர்கள் வாயில் எதுவும் தங்காது.

நாலு மணிக்குப் போனால், அவர்கள் எட்டுப் பேரும் கயிற்றோரம் நிற்கிறார்கள். எங்கள் ஆள் ஒருத்தனையும் காணோம். ஃபோன் போட்டேன்.

"விருந்தாளிங்க மணிதான் கணக்குன்னு நினைச்சோம்ணே" என்றான் எங்கள் வெல்டர்.

அவர்களோ, போகிற வீட்டு மணிதான் மரியாதை என்று கிளம்பி வந்திருக்கிறார்கள். இவர்கள் மரியாதையில் இடி விழ.

கால் மணி ஆனதும் நடுவரான டீச்சர் கோப்பையைச் சலூன்காரனிடம் நீட்டினார். அவன் வாங்கவில்லை.

"அவங்களும் வரட்டும் டீச்சர். காத்திருக்கோம்."

நாலரைக்கு எங்கள் ஆட்கள் வந்தார்கள். இரண்டே இழுப்பில் அந்தப் பக்கத்தார் எங்களைக் கோட்டைத் தாண்ட வைத்துவிட்டார்கள். எல்லாரும் கை தட்டினார்கள், என் பெண்டாட்டியும்.

பிறகு சலூன்காரன் வந்து என் தோளில் கை போட்டான். சட்டைப் பையிலிருந்து அழைப்பிதழை எடுத்துக் காட்டினான்.

"இத்தனை வருஷமா ரெண்டு மணியும் போட்ட ஆளு நீ" என்றான், எனக்கு மட்டும் கேட்கும்படி. "இனிமே நாங்களே அடிச்சுக்கிறோம் மச்சான். உனக்கு எதுக்கு சிரமம்."

கூட்டம் பார்த்துக்கொண்டிருந்தது. பல்லைக் காட்டித் தலையாட்டினேன். கன்னத்தில் அறைந்திருந்தால் திருப்பி அறைந்திருப்பேன். இதற்கு எதைத் திருப்பிக் கொடுப்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.