பதினோரு நாள் தலைமறைவு

தொழிலாளி வர்க்கத்தின் வரலாறு தெருவில் எழுதப்படுவதில்லை, தலைமறைவில்தான் எழுதப்படுகிறது… என்று தொடங்கி, கொஞ்சம் நிறுத்த வேண்டும், கைதட்டுவார்கள், தட்டாவிட்டால் தண்ணீர் குடிக்க நிறுத்தினதுபோல் இருந்துவிடலாம் என்று சபாபதி நினைத்துக்கொண்டிருக்கையில் கண்டக்டர் வந்து, பெரியவரே, மூட்டைய மடியில வச்சிக்கங்க, போற வழியில கெடக்குது என்றார். மூட்டையா? நாற்பது பிரதி, மில் சங்கத்தின் வரலாறு, இருநூற்றுப் பன்னிரண்டு பக்கம், எழுதியவர் சங்கத்தின் முன்னாள் செயலாளர், அட்டையில் முஷ்டியை உயர்த்தியபடி அவரே, அந்தப் படம் மருமகன் மொட்டைமாடியில் போன மாதம் எடுத்தது… மடியில் தூக்கி வைத்துக்கொண்டார், முழங்கால் முன்சீட்டில் இடித்தது. வேலைநிறுத்தத்தின் நாற்பதாம் ஆண்டு விழா, நியாயமாகக் கடலூரில்தான் நடந்திருக்க வேண்டும், மில் இருந்த இடத்தில் இப்போது கல்யாண மண்டபம், அதையேதான் கேட்டார்கள், முகூர்த்த நாள், கொடுக்கவில்லை, ஆகவே வரலாறு சிதம்பரத்துக்கு பஸ் ஏறிப் போகிறது. ஆலப்பாக்கம் தாண்டியாயிற்று. அடுத்து புதுச்சத்திரம், அங்கே பக்கிரி ஏறுவான், பழைய மில் தோழன், முதல் பிரதி வாங்கிக்கொள்ளப் போகிறவன், அவன் ஏறினால் என்ன பேசுவது… நாற்பது வருஷமாக அவனிடம் பேசாமல் விட்ட ஒன்றை இன்றாவது பேசித்தானே ஆகவேண்டும், மேடையில் ஆயிரம் சொல்லலாம், அதற்கு முன்னால் அவனிடம் ஒரு வார்த்தை…

வேலைநிறுத்தத்தின் பத்தொன்பதாம் நாள் அது. வெளியாட்களை ஏற்றிக்கொண்டு நிர்வாகத்தின் லாரி கேட்டுக்குள் நுழையப் பார்த்தது, டிரைவர் இறங்கி வாட்ச்மேனோடு சண்டை போட்ட நேரத்தில் கேன்டீனில் தட்டு கழுவுகிற ஒரு பெண் எட்டிச் சாவியைப் பிடுங்கிக்கொண்டு ஓடிவிட்டாள், லாரி ரெண்டு நாள் கேட்டை அடைத்துக்கொண்டு நின்றது, அவள் பேர் என்ன, எழுதும்போது ஞாபகம் வரவில்லை, யாரையாவது கேட்டிருக்கலாம்… சாவி போன அன்று சாயங்காலமே தடியடி. வாரண்ட் வரும், செயலாளர் பெயர்தான் முதலில் இருக்கும் என்று சபாபதி அன்றே தலைமறைவானார். அப்படி யாரும் சொல்லவில்லை, அவராகவே முடிவு செய்தது. திட்டக்குடி, மாமியார் வீடு, பின்கட்டில் நெல் கொட்டுகிற அறை. 'பசியும் இருளும்' என்று புத்தகத்தில் எழுதியிருக்கிறார், இருள் வாஸ்தவம், ஜன்னல் கிடையாது, பசி… மாப்ள எளச்சிப் போயிட்டாரு என்று மாமியார் ஒருநாள் விட்டு ஒருநாள் கோழி அடித்தாள், மச்சான் பேப்பர் வாங்கி வருவான், அதில் தன் பெயரைத் தேடுவார், இருக்காது, ரகசியமாக வைத்திருக்கிறார்கள் என்று நினைத்துக்கொள்வார். பதினோராம் நாள் திரும்பிவந்தால் டீக்கடையில் பக்கிரி காதில் பஞ்சோடு உட்கார்ந்திருந்தான். ஸ்டேஷனில் மூன்று நாள் வைத்து அடித்திருக்கிறார்கள், எங்கே எங்கே என்று கேட்டு அடித்தார்களாம், வாயைத் திறக்கவில்லையாம், வலது காது போய்விட்டது. அவன் அடி வாங்குகிற நேரத்தில் நான் கோழிக் குழம்பு… இதைத் தாங்கமுடியாமல்தான் ஏழாம் அத்தியாயம், 'என்னைக் காட்டிக்கொடுக்காத பக்கிரி', அழுதுகொண்டேதான் எழுதினார், நிஜமாகவே அழுதார், கோழியை மட்டும் விட்டுவிட்டார்.

புதுச்சத்திரத்தில் பக்கிரி ஏறினான், வெள்ளைச் சட்டை, கஞ்சி போட்டது, நல்ல காது இவர் பக்கம் இருக்கும்படி வலது கையோரம் வந்து உட்கார்ந்தான். ஒடம்பு எப்படி தோழர், சுகர்லாம் எறங்கிச்சா என்றான். சொல்லிவிடு, இப்போதே சொல்லிவிடு.

"பக்கிரி, ஒனக்கு இந்தக் காது போனது என்னாலதான."

"ஒங்களாலயா? எதுக்கு?"

"நான் எங்க இருக்கேன்னு கேட்டுத்தான அடிச்சாங்க."

பக்கிரி அவரைத் திரும்பிப் பார்த்தான், விளையாடுகிறாரோ என்பதுபோல.

"ஒங்கள யாரு தோழர் கேட்டா? லாரி சாவி எங்க, விருத்தாம்பா எங்கன்னுதான் கேட்டாங்க. அந்தப் பொண்ணு திருவதிகையில அதோட அக்கா வூட்ல கெடந்துது, நான் சொல்லல. ஒங்க பேரு லிஸ்ட்லயே இல்லியே. மாமியாருக்கு ஒடம்பு முடியலன்னு ஊருக்குப் போயிட்டீங்கன்னுல்ல நெனச்சோம்."

பஸ் பள்ளத்தில் இறங்கி ஏறியது, மூட்டை நழுவியது, பிடித்துக்கொண்டார். கேட்கவே இல்லையா… ஒருதரம்கூடவா… அப்படியானால் நாற்பது வருஷம் ராத்திரி விழித்துக் கிடந்தது, ஏழாம் அத்தியாயம், அந்த அழுகை, வெட்கப்பட்டதுகூடத் தனக்குச் சேராத வெட்கமா, அடுத்தவள் பேரில் விழுந்ததை எடுத்துத் தன் பேரில் போட்டுக்கொண்டு… விருத்தாம்பாள், ஆமாம், விருத்தாம்பாள்தான், எழுதும்போது ஏன் வரவில்லை? இவனை ஒரு போன் செய்து கேட்டிருந்தால் அரை நிமிஷம். கேட்கவில்லையே. கேட்டால் மற்றதையும் சொல்லிவிடுவான் என்று உள்ளே எங்கோ தெரிந்திருந்ததா? முதல் பிரதியை இவன் கையில் கொடுத்து, அட்டையைக் காட்டி, போட்டோவுக்கு நின்று… உடம்பு சரியில்லை என்று முட்லூரில் இறங்கிவிடலாமா? மூட்டையை யார் தூக்குவது?

அந்தம்மாவும் வருது தோழர், என்றான் பக்கிரி, பேத்தி வெண்மதி காலேஜ் படிக்குது, அது கூட்டியாருது. விருத்தாம்பாளுக்குப் படிக்கத் தெரியாது, அதனால் சாவியைப் பிடுங்கின இடத்தை மட்டும் பேத்தி சத்தமாகப் படித்துக்காட்டப் போகிறதாம், போன வாரத்திலிருந்து அதே பேச்சாம், புதுப் புடவையாம்.

"எந்தப் பக்கம்னு கேட்டுச்சி தோழர். சொல்லுங்க, போன் போட்டுச் சொல்லிர்றேன்."

சபாபதி மூட்டையைப் பிரித்து மேலே இருந்த பிரதியை எடுத்தார், தெரிந்த பக்கத்தைத் தெரியாததுபோல் கொஞ்சநேரம் தேடினார். எண்பத்தேழு. அந்தப் பக்கத்தில் சபாபதி என்ற பெயர் ஒன்பது இடத்தில் இருந்தது. சாவியைப் பிடுங்கியவர், 'கேன்டீன் பெண் ஒருத்தி'.