அசைவில்லாததால் மூடப்பட்டது

1

இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

நாற்பது பக்கம் எழுதி வைத்திருந்த ஒரு கோப்பை, யாரும் எட்டிப் பார்க்கக் கூடாதென்று, தமிழில் ஒரு நீண்ட வாக்கியத்தைக் கடவுச்சொல்லாக வைத்துப் பூட்டியிருந்தேன். செயலி தன்னைப் புதுப்பித்துக்கொண்ட மறுநாள் கோப்பு திறக்கவில்லை. கடவுச்சொல் பிழையாம். என் வாக்கியம் எனக்குத் தெரியாதா? பூட்டைச் செய்தவர்களை நாலு வார்த்தை நறுக்கென்று கேட்டுவிடுவதென்று இணையத்தில் தேடிப் போனேன். போன இடத்தில் கேட்க வந்ததை விட்டுவிட்டு வாசிக்கத் தொடங்கினேன்.

அங்கே இருந்தது ஒரு பதிவேடு. பூட்டின் எந்த வரியை யார், எந்த நாள், எத்தனை மணிக்கு எழுதினார் என்று ஒன்றுவிடாமல் குறித்திருந்தது. இரண்டே பெயர்கள் மாறி மாறி வந்தன: இஷாம், மேனுகா. பிறகு மேனுகாவைத் தேடிப் பிடித்துக் கேட்டேன். கேட்டது பாதி, மீதி என் கற்பனை. எது எதுவென்று கேட்காதீர்கள்.

2

முதல் தொடக்கம்: "மட்டக்களப்பு வாவியின் மேல் மாலை வெயில் —" (விட்டுவிட்டேன். வாவிக்கும் இந்தக் கதைக்கும் என்ன சம்பந்தம்?)

இரண்டாவது: "குறியாக்கம் எனப்படுவது —" (இதற்கு மேல் நீங்கள் வாசிக்கமாட்டீர்கள்.)

மூன்றாவது: 'தாழ்' என்றொரு நூலகம். (பெயர் நான் வைத்தது.) நூலகமென்றால் புத்தகம் அடுக்கிய இடமல்ல. யாரும் எடுத்துப் பயன்படுத்தட்டுமென்று எழுதி, இலவசமாக விட்ட நிரல்களின் தொகுப்பு. கோப்புகளைப் பூட்டுவதும் திறப்பதும் தாழின் வேலை. அதை எங்கோ குளிர்நாட்டுக்காரர்கள் சி மொழியில் எழுதினார்கள். பைதன் மொழியில் எழுதுகிறவர் அதைப் பயன்படுத்த வேண்டுமானால் நடுவே ஒரு பிணைப்பு வேண்டும். மண்முனைத் துறையில் பாலம் வருமுன் பாதை என்று ஒரு மிதவை ஓடியதே, அதைப் போல. ஆளையும் சைக்கிளையும் இக்கரையில் ஏற்றி அக்கரையில் இறக்கும். (வாவி வந்துவிட்டது. மன்னிக்கவும்.)

அந்தப் பிணைப்பைத்தான் ஓட்டமாவடி இஷாமும் அமிர்தகழி மேனுகாவும் எழுதினார்கள். வந்தாறுமூலைப் பல்கலைக்கழகத்தில் ஒரே வகுப்பு. சம்பளம் கிடையாது, நன்றி சொல்லவும் ஆள் கிடையாது. ஆனால் ஒரு சட்டம் இருந்தது. இஷாமின் வரியொன்றை மேனுகா சொல்லாமல் திருத்திவிட்டு, அவன் இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தபோது போட்ட சட்டம் அது. எழுதியவர் "ஓம்", அதாவது சரி, என்று பதில் போடாமல், அவர் வரியில் மற்றவர் கை வைக்கக் கூடாது.

பதிவேட்டில் அந்த "ஓம்"களை எண்ணிப் பார்த்தேன். நூற்றுக்கு மேல் போனதும் எண்ணுவதை விட்டுவிட்டேன்.

3

பிழை முதல் பதிப்பிலேயே இருந்தது. இஷாம் எழுதிய வரியில்.

கடவுச்சொல் எவ்வளவு நீளமென்று தாழுக்குச் சொல்ல வேண்டும். இஷாம் எழுத்துகளை எண்ணிச் சொன்னான். ஆங்கிலத்தில் அது சரி, ஓர் எழுத்துக்குக் கணினி ஓரிடம்தான் ஒதுக்குகிறது. தமிழ் எழுத்துக்கு மூன்றிடம். ஆகவே முப்பது எழுத்து வாக்கியம் வைத்தால், தாழ் முதல் பத்தோடு வாசிப்பதை நிறுத்திவிடும். பூட்டும், திறக்கும், யாருக்கும் சந்தேகம் வராது. உலகம் முழுக்க அதைப் பயன்படுத்தினார்கள். தமிழில் கடவுச்சொல் வைத்தவர்கள் எங்கள் பக்கத்து ஆட்கள்தான், ஆகவே பிழையும் எங்களோடே இருந்தது.

ஏழு வருடம் கழித்து மேனுகா கண்டுபிடித்தாள். எல்லோரும் பார்க்கும் பக்கத்தில் சண்டை நடந்தது.

"மூண்டில ஒரு பங்கு பூட்டு, பூட்டில்ல இஷாம். அந்த முறைய முழுசா வெட்டி எறியணும்."

"வெட்டு. ஆனா பழசத் திறக்க ஒரு வழி வச்சிட்டு வெட்டு. எங்கட ஆக்கள்ர கோப்பெல்லாம் உள்ளுக்க கிடக்கு."

"அறிவிச்சிட்டம்தானே. மாத்திக்கொள்ளட்டும்."

"எல்லாரும் உன்னப்போல அறிவித்தல் வாசிக்கிற ஆக்களில்ல."

"பிழைய எழுதின ஆள் எனக்குப் பாடம் எடுக்கத் தேவல்ல."

இஷாம் "ஓம்" போடாமலே மேனுகா அந்த வரியை வெட்டினாள்; பழைய பூட்டுகளுக்குச் சரியான கடவுச்சொல்லும் அன்றோடு பிழையானது. மறுநாள் அவன் விலகிக்கொண்டான். அவன் எழுதுவது எதுவும் இனித் தன் கண்ணில் படாதபடி, அவன் பெயரில் வரும் அறிவிப்புகளை அவள் நிறுத்தி வைத்தாள்.

(மேனுகாவை வில்லியாக்கிவிட்டேனோ என்று இவ்விடத்தில் சந்தேகம் வந்தது. அவள் சொன்னதில் பிழை இல்லை. அதுதான் கவலை.)

4

இஷாமின் மௌத்துச் செய்தி, ஒரு வருடத்துக்குப் பிறகு, வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்தது. இரத்தப் புற்றுநோய். நண்பர்கள் ஒருவரிடமும் அவன் சொல்லியிருக்கவில்லை. ஓட்டமாவடி பஸ் ஏறினால் போய்விடலாம். மேனுகா போகவில்லை. (அவளுக்காகக் காரணங்கள் தேடினேன். காய்ச்சல், மழை, வேலை — எல்லாவற்றையும் வெட்டிவிட்டேன். வெட்கம், அவ்வளவுதான்.)

அவன் மனைவி இர்ஷானா இத்தா இருந்தாள். கணவனை இழந்தவள் நாலு மாதமும் பத்து நாளும் வீட்டோடு இருக்கும் காலம். அது முடிந்து அவள் புறப்பட்ட முதல் பயணம் அமிர்தகழிக்கு.

"இர்ஷானா, நான் வந்திருக்கணும்..." என்று மேனுகா தொடங்கினாள்.

"அத விடுங்க அக்கா. நான் சண்டைக்கு வரல்ல." இர்ஷானா கைப்பையிலிருந்து ஒரு பென்டிரைவையும், இஷாமின் போனையும் எடுத்து மேசையில் வைத்தாள். "இதத் திறந்து தாங்க."

"என்ன இது?"

"அவர்ர குரல். மகள் அகீலாக்கு எண்டு ஆஸ்பத்திரியில இருந்து பேசிப் பேசி வச்சவர். ஏழு வயசில இருந்து பதினெட்டு வரைக்கும், வயசுக்கு ஒண்டு. வாற ஞாயித்துக்கிழம புள்ளக்கு ஏழு."

"கடவுச்சொல்?"

"சொல்லித் தந்திட்டுத்தான் போனவர். தமிழ்ல நீட்டு வசனம். அவர்ர கொம்பியூட்டர் பழுதாப் போச்சு. புதுசில அடிச்சிப் பாத்தா, பிழை பிழை எண்டுதான் சொல்லுது." பென்டிரைவை மேனுகாவின் பக்கம் நகர்த்தினாள். "நான்தான் மறந்திட்டனோ எண்டு நினைச்சி நினைச்சி ஏலாமப் போயிட்டு அக்கா."

"நீங்க மறக்கல்ல," என்றாள் மேனுகா. இஷாமின் கணினியில் பழைய பதிப்பே இருந்திருக்கிறதென்று அவளுக்குப் புரிந்தது.

5

பழைய பதிப்பைத் தேடியெடுத்துத் திறக்கலாமே என்று கணினி தெரிந்த வாசகர் கேட்பார்.*

* திறக்கலாம். அதற்காகத்தான் அவளும் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டினாள். புரட்டும்போது கண்ணில் பட்டது வேறு.

இஷாமின் வேண்டுகோள் ஒன்று. மௌத்தாவதற்கு மூன்று வாரம் முன் அனுப்பியது.

"மேனுகா, எண்ணினது நான்தான் பிழை. நீ சொன்னது சரி. புதுசாப் பூட்டுறதெல்லாம் உன்ட முறையிலேயே இருக்கட்டும். பழசத் திறக்க மட்டும் ஒரு வழி எழுதியிருக்கன். பாத்திட்டு ஓம் எண்டு போடு."

கீழே, தானியங்கி போட்ட ஒரு வரி: தொண்ணூறு நாட்களாக அசைவில்லாததால் மூடப்பட்டது. அந்தத் தானியங்கியை அங்கே வைத்ததும் மேனுகாதான்.

பிறகு அவளுக்குப் பழைய பதிப்பு வேண்டியிருக்கவில்லை. இஷாமின் வேண்டுகோளைத் திறந்து, அவன் எழுதிய வழியில் இர்ஷானாவின் கோப்பை ஓட்டிப் பார்த்தாள். திறக்கவில்லை. ஒவ்வொரு வரியாக வாசித்து எழுபத்தோராம் வரியில் நின்றாள். பழைய கோப்பைத் திறக்கப் பழைய பிழையோடுதான் எண்ண வேண்டும். இஷாம் அங்கே மேனுகாவின் முறையில், எழுத்தை விட்டு இடங்களை எண்ணியிருந்தான். பிழையாக எண்ண வேண்டிய ஒரே இடத்தில் சரியாக எண்ணிவிட்டான்.

அவள் அழுதாள். அழுதுகொண்டே, பழக்கதோஷத்தில், விரல்கள் எழுதின: "இஷாம், எழுபத்தோராம் வரி. இதில எழுத்தைத்தான் எண்ணணும். திருத்தட்டா?" அனுப்பியும் விட்டாள்.

மேசையில் இருந்த இஷாமின் போன் ஒலித்தது.

இருவரும் அதையே பார்த்தார்கள். இர்ஷானா எடுத்து வாசித்தாள்.

"இதென்ன அக்கா?"

மேனுகா அந்தச் சட்டத்தைச் சொன்னாள்.

"அப்ப அவர் ஓம் எண்டாத்தான் நீங்க கை வைப்பீங்க?"

"அப்பிடித்தான் இருந்த. ஒருக்கா மீறினன். அதுதான் இவ்வளவும்."

இர்ஷானா போனை நெஞ்சோடு வைத்துக்கொண்டாள். பிறகு கேட்டாள். "நான் போடட்டா?"

ஒருவருடையதில் இன்னொருவர் கை வைக்க முடியாதபடி காப்பதுதான் மேனுகா இத்தனை வருடமாகச் செய்த வேலை.

6

முடிவு (அ): மேனுகா "வேணாம்" என்கிறாள், சட்டத்தை மீறித் தானே திருத்துகிறாள். முடிவு (ஆ): இர்ஷானா போடுகிறாள். முடிவு (இ): போனை மேனுகா கேட்டு வாங்கி, தன் கேள்விக்குத் தானே —

மூன்றையும் எழுதிப் பார்த்தேன், மூன்றும் என்னை அழவைத்தன. எது நடந்ததென்று மேனுகாவைக் கேட்டால், "நீங்க எழுதிற ஆள்தானே, எழுதுங்க" என்ற பதில்தான் வந்தது. பதிவேட்டில் இருப்பது இவ்வளவுதான்:

மாலை 4.52. இஷாம்: ஓம்.

மாலை 4.58. மேனுகா: எழுபத்தோராம் வரி திருத்தப்பட்டது.

யார் போட்ட "ஓம்" என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள். நான் இஷாம் போட்டதென்றே வைத்துக்கொள்கிறேன்.

அந்தத் திருத்தம் என் செயலிக்கும் வந்து, அடுத்த மாதம் என் கோப்பும் திறந்தது. நாற்பது பக்கமும் பத்திரமாக இருந்தன. வாசித்துப் பார்த்தால் பூட்டி வைக்குமளவுக்கு அதில் எதுவும் இல்லை. அழித்துவிட்டு, அதே கோப்பில்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை ஓட்டமாவடியில் அகீலா கேட்ட முதல் குரலுக்காகக் கீழே பத்து வரி இடம் விட்டிருந்தேன். தொடங்கியும் விட்டேன்:

"மகள், வாப்பா பேசிறன் —"

(இல்லை. இது அந்தப் பிள்ளைக்கு மட்டும் பூட்டிய பூட்டு. இன்னும் பதினொன்று இருக்கின்றன.)