மஞ்சள் தண்ணீரும் புதுச் செருப்பும்

நடந்து களைத்தவர்களுக்கு ஓய்வு நாள் கிடைத்தால் பேசாமல் படுத்துக் கிடக்க வேண்டும். இராசமலரோ பையையும் தூக்கிக்கொண்டு கோயில் மண்டபத்திலிருந்து கிளம்பினாள்.

"ஒருக்கா மல்லாவிச் சந்தையைப் பாத்திட்டு வாறன் சாமி," என்றாள், யாத்திரைக் கூட்டத்துக்கு முன்னால் வேல் தூக்கி வந்த பரமேஸ்வரனிடம். முழுப் பொய். மூன்று மணி பஸ்ஸில் தன் ஊரான ஜெயபுரத்துக்கே திரும்பிவிடுவது என்று இரவே முடிவு கட்டியிருந்தாள்.

நடக்கத் தொடங்கி மூன்று நாள்தான். கதிர்காமம் இன்னும் ஒன்றரை மாதத் தொலைவில் இருந்தது. உள்ளங்கால் இரண்டிலும் கொப்புளம் உடைந்து, தார் ரோட்டில் அடி வைக்கும்போதெல்லாம் உயிர் போய் வந்தது. வயலில் பாம்பு கடித்த மகள் லக்சிகா ஆஸ்பத்திரியில் கண் திறந்த அன்று, வெறுங்காலோடு நடந்து வருகிறேன் முருகா என்று நேர்ந்தது இராசமலர்தான். பஸ்ஸில் வருகிறேன் என்றிருந்தால் முருகன் வேண்டாம் என்றா சொல்லியிருப்பான்? வாய் முந்திவிட்டது.

சந்தையில் பாலைப்பழம் குவிந்து கிடந்தது. அவளுடைய காவிச் சேலையைக் கண்டதும், "சாமி வாறா, விலத்துங்கோ," என்று சனம் வழிவிட்டது. அவளுக்குக் கூசியது. கடைசிக் கடையில் நீல நிறத்தில் ஒரு ரப்பர் செருப்பு வாங்கினாள். வீட்டுக்குப் போகிறவளுக்கு வெறுங்கால் எதற்கு? காலை நுழைத்ததும் கண்ணீர் வந்துவிட்டது. அவ்வளவு சுகம். தன் மேலேயே வெறுப்பாகவும் இருந்தது.

பஸ்ஸுக்குக் காத்து நின்றபோது, கீரை விற்கும் ஒரு பெண் செம்பில் மஞ்சள் தண்ணீரோடு ஓடி வந்தாள். யாத்திரை போகிறவர்களின் காலைக் கழுவிக் கும்பிடுவது வழக்கம். இராசமலரே தன் வாசலில் எத்தனையோ பேருக்குக் கழுவியிருக்கிறாள். காலைச் சேலைக்குள் இழுத்துப் பார்த்தாள். நீலச் செருப்பு ஒளியவில்லை.

அகப்பட்டேன் என்று விறைத்துப் போனாள்.

"புதுசு போல. நனைஞ்சிடும் சாமி," என்று அந்தப் பெண் தானே செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தாள். தண்ணீர் பட்டதும் கொப்புளம் சுரீரென்றது. "ஐயோ, கால் இப்பிடிக் கிடக்குதே!" என்று முந்தானையால் ஒற்றி எடுத்தாள். பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னாள்:

"என்ர மகனுக்கு நாலு வயசாகியும் கதை வரேல்லை. முருகனிட்ட அவனுக்காக ஒரு சொல்லுச் சொல்லுவியளே?"

"ஓம்," என்றாள் இராசமலர். பிள்ளையின் பேரைக் கேட்கவில்லை. போகப் போவதில்லை என்றான பிறகு பேர் எதற்கு? அந்த ஓம் ஒன்றே போதும் என்பதுபோல அந்தப் பெண் கும்பிட்டுவிட்டுக் கடைக்கு ஓடினாள்.

பஸ் வந்தது. இராசமலர் செருப்பைப் போடக் குனிந்தாள். மஞ்சள் இன்னும் காயாத காலை அதற்குள் நுழைக்க முடியவில்லை. முருகனை ஏமாற்றலாம், அவனோடு நாற்பது வருடப் பழக்கம். வாய் பேசாத ஒரு பிள்ளையை எப்படி ஏமாற்றுவது?

"ஏறுறியளோ சாமி?" என்றார் கண்டக்டர். இல்லையென்று தலையாட்டினாள். பஸ் போய்விட்டது.

வெறுங்காலோடு அவள் கீரைக் கடைக்கு வந்ததைக் கண்டு அந்தப் பெண் பதறினாள். "சாமி, செருப்பை விட்டிட்டு வந்திட்டியளே!"

"அது கிடக்கட்டும் பிள்ளை. மகன்ர பேரைச் சொல்லு."

"நிருஷன்."

மறந்துவிடக் கூடாதென்று அதை வாய்க்குள் சொல்லிச் சொல்லி, நொண்டி நொண்டிக் கோயிலுக்கு நடந்தாள் இராசமலர்.